முடியலீங்க!

மக்களே, சொந்தக்கதை சோகக்கதையெல்லாம் எழுதக்கூடாதுன்னு ஒரு கொள்கை வச்சிருந்தேன். இன்னியோட அதுக்கு மூடுவிழா. விஷயம் தலைக்கு மேல போயிருச்சு. சரியாச் சொல்லணும்னா, தலைக்கு மேல இருந்தது போயிருச்சு. :-)

நமக்கு ஊரு நரிக்குடி. 'அது எங்கப்பா இருக்கு'ன்னு கேக்குறவங்களுக்கு: விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா. மானாமதுரையில இருந்து அருப்புக்கோட்டைக்கு ரயில்ல போறப்ப ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலமாத் தெரியுமே, அங்கதான். மழை பேஞ்சா மிளகா, மல்லி, பருத்தி. பேயலைன்னா கருவேலத்தை வெட்டி கரிமூட்டம். அந்தக் கரிசக்காட்டுல பொறந்து, இஞ்சினியரிங் முடிச்சு, இப்ப சென்னையில ஓ.எம்.ஆர். ரோட்டுல ஒரு கம்பெனியில ஆணி புடுங்கிட்டு இருக்கேன். வயசு இருபத்தெட்டு. கல்யாணம் ஆகல. அதுதான் கதையில முக்கியமான பாயிண்டு, குறிச்சு வச்சுக்கோங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப வழக்கம்போல எங்க ஊர் சலூன்ல போய் உக்காந்தேன். மூணாங்கிளாஸ்ல, நாற்காலி கைப்பிடி மேல பலகையைப் போட்டு உக்கார வச்சு வெட்டின அதே அண்ணன்தான் இன்னமும் நமக்கு வெட்டுறாரு. துணியைப் போத்திவிட்டு, தண்ணி அடிச்சு, சீப்பால முன்முடியைத் தூக்கினவரு அப்படியே நிறுத்திட்டாரு.

"தம்பிக்கு நெத்தி ஏறுதே. இப்ப என்ன வயசு?"

"இருபத்தாறுண்ணே."

"ம்ம்."

அந்த 'ம்ம்' இருக்கே, எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்துல பாத்துட்டு டாக்டர் விடுற 'ம்ம்' அது. அதுக்கப்புறம்தான் கண்ணாடியை ஒழுங்காப் பாத்தேன். எங்க ஊர்க் கண்மாய்ல கோடையில தண்ணி வத்துறப்ப முதல்ல ரெண்டு மூலையும் காயும். நடுவுல மட்டும் நாக்கு நீட்டின மாதிரி கொஞ்சம் தண்ணி நிக்கும். என் நெத்தியில அச்சு அசல் அதே படம்.

அன்னிக்குப் புடிச்சது சனி. அதுவரைக்கும் தலையைப் பத்தி யோசிக்காதவன், அதுக்கப்புறம் தலையைத் தவிர வேற எதையும் யோசிக்கல. லிப்டுல மேல வெளக்கு இருந்தா ஓரமா நிப்பேன். போட்டோ எடுக்குறாங்கன்னா பின் வரிசை. ஆனா பின் வரிசையில நின்னா மொபைலைத் தூக்கிப் புடிச்சு எடுப்பானுங்க, அது இன்னும் மோசம். வீடியோ கால்னு ஒண்ணு வந்துச்சு பாருங்க, அதுதான் கொடுமையிலயும் கொடுமை. கிளையண்டு என்னமோ பேசிட்டு இருப்பான். நான் ஓரத்துல இருக்குற சின்னக் கட்டத்துல என் நெத்தியையே பாத்துட்டு இருப்பேன். "எனி கொஸ்டின்ஸ்?"னு கேட்டா எனக்கு ஒரே கொஸ்டின்தான். அதை அவன்கிட்ட கேக்க முடியாது.

தலகாணியில கெடக்குற முடியை எண்ணி எக்செல்ல போட்டு வச்சேன்னா நம்புவீங்களா? தேதி ஒரு காலம், எண்ணிக்கை ஒரு காலம், 'சந்தேகம்'னு ஒரு காலம். சந்தேகக் கேசுங்க லிஸ்டு பெருசு. முதல் குற்றவாளி தண்ணி. எங்க ஊர்ல குடிக்க ஒரு தண்ணி, குளிக்க ஒரு தண்ணி. குளிக்கிற போர் தண்ணியில சோப்பு நுரைக்காது. சென்னையில லாரித் தண்ணி, அதுவும் அப்படித்தான். ரெண்டாவது ஹெல்மெட்டு. அப்புறம் ஏசி, நைட் ஷிப்டு, ஷாம்பு, ஹாஸ்டல்ல தின்ன சோறு.

வைத்தியமும் அதுக்கேத்த மாதிரி. சின்ன வெங்காயச் சாறு தேச்சு அரைமணி ஊற வைக்கணும்னு எவனோ வீடியோ போட்டிருந்தான். தேச்சேன். எத்தனை தடவை தலைக்கு ஊத்துனாலும் அந்த வாடை போகல. கம்பெனி பஸ்ல பக்கத்துல உக்காந்த புள்ள, "இன்னிக்கு கேன்டீன்ல ஆனியன் ஊத்தப்பமா?"ன்னு கேட்டுச்சு. அவ்வ்வ்வ்.

அப்புறம் ஒரு கிளினிக். பேரு வேணாம். உள்ள போனதும் கம்ப்யூட்டர்ல என் மண்டையை நூறு மடங்கு பெருசு பண்ணிக் காட்டுனாங்க. எங்க ஊர்ப் பக்கம் மழையில்லாத வருஷத்துல ட்ரோன் விட்டு எடுத்தா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு. "பேக்கேஜ் எண்பதாயிரம் சார், ஈ.எம்.ஐ. இருக்கு"ன்னாங்க. அப்பா ஒரு வருஷம் மிளகா போட்டு எடுக்குற காசு. எந்திரிச்சு வந்துட்டேன். ஆனா வீடு வரைக்கும் மனசுக்குள்ள ஈ.எம்.ஐ. கணக்கு ஓடிட்டுத்தான் இருந்துச்சுங்குறதையும் ஒத்துக்கிறேன்.

சரி, நாமளே படிச்சுத் தெரிஞ்சுக்குவோம்னு ஒரு வாரம் ராத்திரி உக்காந்தேன். படிச்சதைச் சுருக்கமாச் சொல்லிடுறேன், என்னை மாதிரி எவனாவது எக்செல் ஷீட்டு வச்சிருந்தா உபயோகப்படும்.

நல்லாருக்குற தலையிலயே ஒரு நாளைக்கு 50ல இருந்து 100 முடி கொட்டத்தான் செய்யும். அதனால தலகாணியை எண்றது வெட்டி வேலை. ஆம்பளைங்களுக்கு வர்ற வழுக்கையில நடக்குறது வேற. டெஸ்டோஸ்டிரோன்ல இருந்து டி.எச்.டி.ன்னு ஒரு ஹார்மோன் உண்டாகுது. முன்மண்டையிலயும் உச்சியிலயும் இருக்குற சில முடிவேருங்க அதுக்குப் பயப்படுற மாதிரி பொறந்திருக்கு. அதனால ஒவ்வொரு சுத்துலயும் வர்ற முடி முன்னைவிட மெலிசா, குட்டையா வரும். கடைசியில பூனை முடி. பின்மண்டை வேருங்க அந்த ஹார்மோனைக் கண்டுக்கிறதில்ல. அதான் முடி நடுறவங்க பின்னாடியிருந்து புடுங்கி முன்னாடி வைக்கிறாங்க.

இதுல ஹார்மோனோட பங்கை முதல்ல நிரூபிச்சது அமெரிக்காவுல ஹாமில்டன்னு ஒருத்தர், 1942ல. பருவத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே விதை எடுக்கப்பட்ட ஆம்பளைங்களுக்கு வழுக்கையே விழலைன்னு பாத்தாரு. அவங்களுக்கு ஹார்மோன் ஏத்துனா, குடும்பத்துல வழுக்கை இருந்தவங்களுக்கு விழ ஆரம்பிச்சுதாம். வழுக்கைக்கு அவர் போட்ட படிநிலையைத்தான் 1975ல நார்வுட்னு ஒரு டாக்டர் திருத்தி ஏழு நிலையா வச்சாரு. ஐயா இப்ப மூணாவது நிலை. எப்படியோ ப்ரமோஷன் மட்டும் ஒழுங்கா வருது.

மருந்துன்னு பாத்தா ரெண்டுதான் உருப்படி. மினாக்ஸிடில், முதல்ல ரத்தக்கொதிப்பு மாத்திரையா 1979ல வந்தது. சாப்பிட்டவங்களுக்கு கண்ட எடத்துல முடி முளைக்க, 1988ல தலையில தடவுற மருந்தா அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. இன்னொண்ணு பினாஸ்டிரைடு. 1992ல ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு வந்தது, 1997ல சின்ன அளவுல வழுக்கைக்கு. அது டி.எச்.டி. உண்டாகுறதையே குறைக்கும். ரெண்டையும் நிறுத்துனா, புடிச்சு வச்சதெல்லாம் சில மாசத்துல போயிரும். பினாஸ்டிரைடுல கொஞ்ச பேருக்கு ஆசை குறையிறது மாதிரி பக்கவிளைவு வரலாம். கல்யாணத்துக்குப் பொண்ணு தேடுறவன் அந்த வரியைப் படிச்சா எப்படி இருக்கும்? டாக்டர் எழுதிக் குடுத்த அட்டையை லேப்டாப் பையில ஒளிச்சு வச்சு, மூணு வாரம் முழுங்கிட்டு, பயந்துபோய் நானா நிறுத்திட்டேன்.

தண்ணி, ஹெல்மெட்டு, ஷாம்பு எதுவுமே நிஜக் குற்றவாளி இல்லையாம். உப்புத்தண்ணியில முடி சொரசொரப்பாகும், ஒடியும். ஆனா நெத்தி ரெண்டு மூலையையும் பாத்துப் பாத்துக் காலி பண்ற அளவுக்கு அதுக்கு அறிவு கெடையாது. யோசிச்சுப் பாத்தா, அதே போர் தண்ணியில குளிச்ச என் பங்காளி தலையில இன்னமும் கருவேலங்காடு மாதிரி நிக்குது. இது மரபணு சமாச்சாரம்.

இங்கதான் நான் அந்தப் பாவத்தைப் பண்ணேன்.

பொட்டி தட்டுறவங்களுக்கு 'கிட் ப்ளேம்'னு ஒரு கமாண்டு தெரிஞ்சிருக்கும். ப்ரோக்ராம்ல எந்த வரியை யாரு எழுதுனது, என்னிக்கு எழுதுனதுன்னு புட்டுப்புட்டு வைக்கும். பக்கு வந்தா முதல்ல அதைத்தான் ஓட்டுவோம். பக்கை சரி பண்றதுக்கு இல்ல, 'இதை நான் எழுதல'ன்னு சொல்றதுக்கு. என் மண்டைக்கும் அதை ஓட்டிப் பாத்தேன். ஆண்ட்ரோஜன் ரிசப்டர்னு ஒரு ஜீன், வழுக்கையில பெரிய பங்கு அதுக்குத்தான்னு போட்டிருந்தாங்க. அது இருக்குறது எக்ஸ் குரோமோசோம்ல. ஆம்பளைப் புள்ளைக்கு எக்ஸ் வர்றது அம்மாகிட்ட இருந்து. அம்மாவோட அப்பா, எங்க அய்யா, எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து முழு மொழுக்கு. கேஸ் முடிஞ்சுது.

அடுத்த தடவை ஊருக்குப் போனப்ப, திண்ணையில உக்காந்து அம்மா சின்ன வெங்காயம் உரிச்சுட்டு இருந்தாங்க. எல்லாம் என் தலைக்குத்தான். நான் பெரிய விஞ்ஞானி மாதிரி எக்ஸ், ஒய் எல்லாம் வெளக்கிட்டு, கடைசியில சிரிச்சுக்கிட்டே சொன்னேன்: "ஆகமொத்தம் இது அப்பா வீட்டுச் சொத்து இல்லம்மா. உங்க அப்பா வீட்டுச் சீரு."

அம்மா ஒண்ணும் சொல்லல. உரிச்சுட்டே இருந்தாங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு. வெங்காயம்தானேன்னு நினைச்சேன்.

இதுக்கு நடுவுல பொண்ணு பாக்குற படலம் ஆரம்பிச்சுது. தரகர் போட்டோ கேட்டாரு. ஒரு ஸ்டுடியோவுல போய் எடுத்தேன். எடுத்துட்டு அந்தத் தம்பி கம்ப்யூட்டர்ல உக்காந்து, "அண்ணே, லைட்டா பில் பண்ணிரவா?"ன்னான். நான் 'வேணாம்'னு சொல்லல. 'சரி'ன்னும் சொல்லல. தலையைக் குனிஞ்சு மொபைலைப் பாத்தேன். நிமிந்து பாத்தப்ப ஸ்க்ரீன்ல எனக்கு இருபது வயசு.

பரமக்குடிப் பக்கம் ஒரு எடம். பொண்ணு டீச்சர். பாக்கப் போனோம், கேசரி சாப்டோம், 'ரெண்டு பேரும் தனியாப் பேசுங்க'ன்னு மாடிக்கு அனுப்புனாங்க. மாடியில சாயங்காலக் காத்து. நான் எவ்வளவு பாடுபட்டு முன்னாடி இழுத்துவிட்ட முடியை ஒரே ஊதுல பின்னாடி தள்ளிருச்சு. அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் பாத்துட்டு, சண்டை போடுற குரல்லயெல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் கேட்டுச்சு.

"போட்டோவுல இருந்தது எப்ப எடுத்ததுங்க?"

"போன மாசம்"னு உண்மையைச் சொன்னேன். எந்த நேரத்துல உண்மை பேசுறதுன்னு ஒரு விவஸ்தை வேணாமா?

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தாங்க, எனக்கு அது ஒண்ணுமில்ல. ஆனா போட்டோவை மாத்திக் குடுத்திருக்கீங்க. அதான் யோசனையா இருக்கு."

ரெண்டு நாள் கழிச்சு, ஜாதகம் சரியா வரலைன்னு தகவல் வந்துச்சு. வீட்டுல எல்லாரும் முடியினாலதான்னு முடிவு பண்ணிட்டாங்க. நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன். போட்டோ விஷயத்தைச் சொல்லல. முடி போனது என் தப்பில்ல. போட்டோ என் தப்பு. எது தப்பில்லையோ அதைக் காட்டி, எது தப்போ அதை மறைச்சேன்.

இது நடந்து ஒரு மாசம் இருக்கும். ஆடி மாசம். அம்மா போன்ல, "வெள்ளிக்கிழமை இருக்கன்குடி போறேன்யா, தெருவுல வேன் புடிச்சுருக்காங்க"ன்னாங்க. சாத்தூர் பக்கத்துல இருக்குற மாரியம்மன் கோயில். எங்க ஜில்லாவுல ஆடி வெள்ளின்னா பாதி ஊரு அங்கதான். சரி போயிட்டு வாங்கன்னேன். அன்னிக்கு ராத்திரியே நானும் சிலம்பு எக்ஸ்பிரஸ் ஏறி, விடியக்காலை மானாமதுரையில எறங்கி, முதல் பஸ்ஸைப் புடிச்சு வீட்டுக்குப் போனேன்.

அம்மா வாசத் தெளிச்சுட்டு இருந்தாங்க. முந்தானையைத் தலையில போட்டிருந்தாங்க. பனியா, அதான்னு நினைச்சேன். ஆடி மாசத்துல நரிக்குடியில என்ன பனி? வாளியை எடுக்கக் குனிஞ்சப்ப முந்தானை நழுவுச்சு.

மொட்டை. சந்தனம் பூசி, அது காஞ்சு வெடிச்சுப்போய் இருந்துச்சு.

எங்க அம்மாவுக்கு அம்பத்தி ரெண்டு வயசு. இடுப்பு வரைக்கும் முடி. சின்ன வயசுல அந்த சடையைப் புடிச்சுட்டுத்தான் நான் சந்தைக்குப் போவேன். தெருவுல யாராவது கல்யாணம்னா, "ஒன் முடிக்கு நாலு முழம் பூ பத்தாதே"ன்னு கேலி பண்ணுவாங்க.

"என்னம்மா இது?"

"வேண்டுதல்யா. பூமுடி குடுக்கலாம்னுதான் போனேன். அங்க போனதும் மொத்தமாக் குடுத்துருவோம்னு தோணுச்சு."

"யாருக்கு வேண்டுதல்?"

"ஒனக்குத்தான். வேற யாருக்கு?" வாளியை ஓரமா வச்சுட்டு, முந்தானையை மறுபடியும் இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. "எங்கப்பா குடுத்ததுன்னு நீதான சொன்ன. அவரு போய்ச் சேந்துட்டாரு, அவருகிட்ட கேக்க முடியாது. அதான் அவரு மகளா நான் குடுத்துட்டு வந்துட்டேன். ஆத்தா கணக்கை நேர் பண்ணிருவா."

பையைக்கூடக் கழட்டாம திண்ணையில உக்காந்தேன். நான் 'கிட் ப்ளேம்' ஓட்டுனது வெளையாட்டுக்கு. அந்த அம்மா அதை ஒரு வருஷமா சொமந்திருக்கு. ரத்தக்கொதிப்பு மாத்திரை, ஹாமில்டன், நார்வுட்னு அத்தனையும் படிச்ச எனக்கு, பக்கத்துல வெங்காயம் உரிச்சவங்க மொகத்தைப் படிக்கத் தெரியல.

அப்பா காட்டுல இருந்து பதினோரு மணிக்கு வந்தாரு. சோறு சாப்பிட உக்காந்தப்ப தலைத்துண்டை அவுத்து ஒதறித் தோள்ல போட்டாரு. தினமும் பண்றதுதான். ஆனா அன்னிக்குத்தான் நான் பாத்தேன். எங்க அப்பா வழுக்கை! உச்சியில இருந்து நெத்தி வரைக்கும் ஒண்ணுமில்ல. இருபத்தெட்டு வருஷம் ஒரே வீட்டுப் புள்ள நான். வெயிலுக்குக் கட்டுன துண்டையே அவரோட தலைன்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன்.

"அப்பா, ஒங்களுக்கு எப்ப இருந்து இப்படி?"

"எப்படி?"

"முடி."

"ஓ, அதுவா. ஒங்கம்மாவைப் பாக்கப் போறப்பயே பாதி போயிருச்சு. துண்டைக் கட்டிட்டுப் போனேன், தெரியாதுன்னு. ஆனா பெரியவுக முன்னால தலைத்துண்டோட நிக்க முடியுமா? வாசல்லயே எடுத்துட்டேன்."

உள்ளேருந்து அம்மா குரல்: "எங்கப்பாவும் எடுத்தாரு. ரெண்டு மண்டையும் எதிர எதிர மினுக்குச்சு. நான் கதவுக்குப் பின்னால நின்னு சிரிச்சேன்."

அப்பாவும் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, நெஞ்சுல எதோ அடைக்கவும் செஞ்சுச்சு. அப்பாவும் என்னை மாதிரிதான், மறைக்கத்தான் கிளம்பிப் போயிருக்காரு. ஆனா மரியாதைன்னு ஒண்ணு வாசல்ல நின்னு அவரோட துண்டை எடுக்க வச்சிருக்கு. எனக்கு மாடியில அடிச்ச காத்துதான் எடுத்துச்சு.

அன்னிக்கு சாயங்காலம் அம்மாவைச் சமாதானப்படுத்துறதா நினைச்சு நம்ம பக்கத்துப் பெரிய மனுசங்க கதையை எடுத்து விட்டேன். "இங்க பாருங்கம்மா, நம்ம திருச்சுழியில பொறந்த ரமணர். பதினாறு வயசுல, 1896 செப்டம்பர் ஒண்ணாந்தேதி திருவண்ணாமலையில போய் எறங்குனாரு. அன்னிக்கே தலையை வழிச்சு எறிஞ்சுட்டாரு. விருதுநகர்ல காமராசர். முன்மண்டை ஏறிப்போச்சு, மிச்சத்தை ஒட்ட வெட்டிட்டு ஒம்பது வருஷம் முதலமைச்சரா இருந்தாரு. அவரு எந்த போட்டோவுலயாவது தலையை மறைச்சுப் பாத்திருக்கீங்களா? எம்.ஜி.ஆரை எடுத்துக்கோங்க, 1977ல நம்ம அருப்புக்கோட்டையில ஜெயிச்சுத்தான் முதலமைச்சர் ஆனாரு. அவரு மட்டும்தான் தொப்பி. 1987ல அடக்கம் பண்றப்பகூட தொப்பி, கண்ணாடியோடதான்."

அம்மா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாங்க. அப்புறம் கேட்டாங்க:

"ரமணரு கல்யாணம் பண்ணுனாரா?"

"இல்ல."

"காமராசரு?"

"...இல்ல."

"தொப்பி போட்டவரு?"

நான் ஒண்ணும் பேசல. அப்பா மட்டும் வெத்தலையைத் துப்பிட்டு வந்து சிரிச்சாரு.

ராத்திரி மொட்டை மாடியில படுத்துக்கிட்டு, வேற வழியில்லாம மொபைல்ல மறுபடியும் படிச்சேன். இந்தத் தடவை தப்பிக்கிறதுக்காக இல்ல. 2017ல பிரிட்டன்ல 52 ஆயிரத்துக்கும் மேல ஆம்பளைங்களோட மரபணுவை வச்சு ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு. வழுக்கையோட சம்பந்தப்பட்ட எடங்கள் 250க்கும் மேல இருக்காம். அதுல பெரும்பாலானது எக்ஸ் குரோமோசோம்லயே இல்ல. அம்மா, அப்பா ரெண்டு பக்கமும் இருந்தும் வர்றது. எக்ஸ்ல இருக்குற அந்த ஒரு ஜீன் பெருசுதான். ஆனா அம்மாவுக்கு எக்ஸ் ரெண்டு. ஒண்ணு அய்யா குடுத்தது, இன்னொண்ணு அம்மாச்சி குடுத்தது. எனக்கு வந்தது எதோட துண்டுன்னு நான் எங்க கண்டேன்? இதெல்லாம் முன்னாடியே அந்தப் பக்கத்துல இருந்திருக்கும். நமக்கு ஒரு பேரு கெடைச்சதும் கீழ படிக்கிறதை நிறுத்திட்டேன்.

காலையில அம்மாகிட்ட சொன்னேன். "நான் சொன்னது தப்பும்மா. அய்யா மட்டும் இல்ல. அப்பா பக்கமும் இருக்கு. யார் தப்பும் இல்ல."

"அப்ப நான் முடி எடுத்தது வீணா?"

என்ன சொல்றதுன்னு தெரியல. அம்மாவே சொன்னாங்க: "விடு. ஆத்தாளுக்குக் குடுத்தது எதுவும் வீணில்ல. ஒனக்குக் கல்யாணத்துக்கும் சேத்துத்தான் வேண்டியிருக்கேன்."

அப்பத்தான் பரமக்குடி போட்டோ கதையையும் சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள வேர்த்துப் போச்சு. அம்மா திட்டுவாங்கன்னு நினைச்சேன். "அந்தப் புள்ள சரியாத்தானய்யா சொல்லியிருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க. அது திட்டுனதைவிட அதிகமா இருந்துச்சு.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, பெருசா ஒண்ணும் ஆகல. தரகர்கிட்ட பழைய போட்டோவைத் திருப்பி வாங்கிட்டு, இப்ப இருக்குற மாதிரியே ஒண்ணு எடுத்துக் குடுத்திருக்கேன். அவரு மொகம் கொஞ்சம் சுருங்குச்சு. வர்ற ஜாதகம் கொறைஞ்சிருக்கு. வந்ததுல ரெண்டு எடம் பேசிட்டு இருக்காங்க. தோல் டாக்டர் ஒருத்தரை ஒழுங்காப் பாத்து, தடவுற மருந்து மட்டும் போடுறேன். இருக்குறதைக் காப்பாத்தும், போனதைக் கொண்டுவரும்னு நம்பாதேன்னு முதல் நாளே சொல்லிட்டாரு. பாட்டிலை அலமாரியில, எல்லாருக்கும் தெரியுற எடத்துல வச்சிருக்கேன். கவலை போயிருச்சான்னா, இல்ல. காத்து அடிச்சா இன்னமும் கை தானா மேல போகுது. எக்செல் ஷீட்டை மட்டும் அழிச்சுட்டேன்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளருமாம், அந்தக் கணக்கு எங்க அம்மா தலையில சரியா இருந்துச்சு. மூணு விரக்கடை வளந்திருக்கு. பாதி நரை. மொட்டை போட்டா வேரு போகாது, அதான் வளருது. பூ வைக்க முடியலைன்னு காதோரமா ஊக்கு குத்தி ஒரு துண்டு மல்லிகையைத் தொங்க விட்டிருந்தாங்க. "ஒனக்குக் கேட்டா எனக்குக் குடுக்குறா ஆத்தா"ன்னு அவங்களுக்கே சிரிப்பு.

அப்படியே சலூனுக்கும் போனேன். அண்ணன் துணியைப் போத்திவிட்டு, தண்ணி அடிச்சு, சீப்பை எடுத்தாரு. இந்தத் தடவை 'ம்ம்' போடல.

"முன்னாடி கொஞ்சம் நீளமா விட்டு மறைச்சு விடவா தம்பி?"

"வேணாண்ணே. ஒட்டவே வெட்டுங்க."

டிஸ்கி: மருந்துப் பேரெல்லாம் எழுதியிருக்கேனேன்னு யாரும் கடையில போய் வாங்கித் தின்னுறாதீங்க. டாக்டரைப் பாத்துட்டு எடுங்க. அப்புறம், சின்ன வெங்காயத்தை சாம்பார்ல போடுங்க. அதுக்குத்தான் அது.